பள்ளி மாணவர்களும் தன்னார்வத் தொண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் மாணவர் சேவைக் குழுவைப் பல வருடம் கவனித்து வந்திருக்கிறேன். ஆண்டுதோறும் பிள்ளைகள் மாறுவார்கள், பெற்றோர் மாறுவார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. வராந்தாவில் நின்றபடி அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். வெளிநாட்டுப் பயணம் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களும் முன்பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். உள்ளூரில் பழகாத எதையும் வெளிநாட்டில் போய்ப் புதிதாகப் பழக முடியாது.

எதைத் தன்னார்வத் தொண்டு என்று சொல்லலாம்?

சம்பளம் வாங்காமல், யாரும் விரட்டாமல், சொந்தக் குடும்பத்துக்கு வெளியே இருப்பவருக்காகச் செய்யும் வேலை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வேலை அவருக்குத் தேவையாகவும் இருக்க வேண்டும். அதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

ஒருமுறை எங்கள் குழு ஒரு சிறிய பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வண்ணம் அடிக்கப் போனது. பிள்ளைகள் ஆசையாகத்தான் அடித்தார்கள். முடித்துவிட்டுக் கிளம்பும்போது அங்கிருந்த காவலாளி, "இந்த வருஷம் இதோடு மூணாவது தடவை சார்" என்றார். எங்களுக்கு முன்னால் இரண்டு குழுக்கள் வந்து அதே சுவரை அடித்துவிட்டுப் போயிருக்கின்றன. அந்தப் பள்ளிக்கு உண்மையில் தேவைப்பட்டது கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். யாருமே கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் முதல் கேள்வியாக "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொள்வது, தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவது கணக்கில் சேருமா?

பள்ளிப் பதிவேட்டில் பொதுவாகச் சேராது. ஆனால் வீட்டில் நோயாளியையோ தம்பி தங்கைகளையோ கவனிக்கும் பொறுப்பு ஏற்கெனவே இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "நீ ஏன் சேவைக்கு வரவில்லை?" என்று கேட்கும் ஆசிரியர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அந்தப் பிள்ளை மற்றவர்களைவிட அதிகமாகவே செய்துகொண்டிருக்கிறது.

எந்த வயதில் தொடங்கலாம்?

பெற்றோரோடு சேர்ந்து செய்வதென்றால் ஏழு, எட்டு வயதிலேயே தொடங்கலாம். பழைய புத்தகங்களை வகைபிரிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பறவைகளை எண்ணுவது போன்றவை அந்த வயதுக்குப் பொருந்தும். பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரு பெரியவரின் மேற்பார்வையில் குழுவாக இயங்கலாம். தனியாக ஒரு பொறுப்பை ஒப்படைக்க நான் பதினாறு வயது வரை காத்திருப்பேன். சாரணர் இயக்கம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை வயதுக்கேற்ற பிரிவுகளை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் 1956-இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய, இளையோருக்கான எடின்பரோ கோமகன் விருதுத் திட்டமும் பதினான்கு வயதுக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. அதில் சேவை ஒரு கட்டாயப் பகுதி.

எங்கே போய்த் தேடுவது?

தூரத்தில் தேடாதீர்கள். நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில் ஒரு பொது நூலகம், முதியோர் இல்லம், விலங்குகள் காப்பகம், மாற்றுத்திறனாளிகள் பள்ளி, ஏரியோ கடற்கரையோ பூங்காவோ இருக்கும். பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய இடம் எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் மூன்றாவது வாரம் உற்சாகம் வடிந்துவிடும். இது பிள்ளைகளின் குறை அல்ல, பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

பொறுப்பாளரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். "எதுவானாலும் செய்கிறோம்" என்று சொல்வதைவிட, "சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், நான்கு பேர், ஆறு மாதத்துக்கு வருவோம், எங்களுக்கு என்ன வேலை தர முடியும்?" என்று கேளுங்கள். பொறுப்பாளர்களுக்கு நேரம் குறைவு. கணக்காகப் பேசுகிறவர்களைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

எனக்குத் தனித் திறமை எதுவும் இல்லையே?

நேரத்துக்கு வருவது ஒரு திறமை. நான் பார்த்த பொறுப்பாளர்களில் பெரும்பாலோர் கேட்டது அதை மட்டும்தான். ஓவியம் வரையத் தெரிந்த, கிதார் வாசிக்கத் தெரிந்த, பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகள் வருவார்கள். ஆனால் ஆடிக்கொரு நாள், அமாவாசைக்கொரு நாள் என்று வருவார்கள். வாரம் தவறாமல் வந்து நூலகத்தில் புத்தகத்தை அதனதன் இடத்தில் அடுக்கிய ஒரு அமைதியான பையனைத்தான் அந்த நூலகர் கடைசிவரை பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாரம் எத்தனை மணி நேரம்? படிப்பு கெடாதா?

வாரம் இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் ஏதோ ஒன்று அடிபடும், பெரும்பாலும் தூக்கம். தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் வர முடியாது என்றால் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு வராமல் இருப்பதில் தப்பே இல்லை. சொல்லாமல் நின்றுபோவதுதான் சிக்கல். இரண்டு மணி நேரம் போனதால் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று பெற்றோர் சொன்னால், வீட்டில் கைப்பேசி எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று நான் பதிலுக்குக் கேட்பதுண்டு. அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

பள்ளி கட்டாயப்படுத்தினால் அது தொண்டு ஆகுமா?

இதைப் பட்டிமன்றமாகவே நடத்தலாம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992-இல் ஒரு விதி கொண்டுவந்தது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேரச் சேவைக் கற்றல், அதாவது சேவை செய்தபடியே பாடம் கற்பது, கட்டாயம் என்றது. மாநில அளவில் இப்படிச் செய்தது அங்கே அதுவே முதல்முறை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 40 மணி நேரம் என்று வைத்தார்கள். பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் சர்வதேச பக்கலாரியேட் பட்டயப் படிப்பில் படைப்பாற்றல், உடலியக்கம், சேவை மூன்றும் சேர்ந்த ஒரு கட்டாயப் பகுதி உண்டு. ஆனால் அதில் மணிக்கணக்கு கிடையாது. குறைந்தது பதினெட்டு மாதம் விடாமல் ஈடுபட வேண்டும், என்ன கற்றோம் என்று எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது முறைதான் எனக்குப் பிடித்தது. மணிக்கணக்கு வைத்த மறுநாளே பிள்ளைகள் கணக்கைத் தீர்க்கும் வழியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். யாராவது ஒரு மாமாவிடம் கையெழுத்து வாங்கி நாற்பதை நிரப்பிவிடுவதும் நடக்கிறது. தானாகக் கனியாததைத் தடியால் அடித்துக் கனியவைக்கும் கதை. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கட்டாயம் என்பதால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளில் சிலர் கட்டாயம் முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் இழுத்து வந்திருக்காவிட்டால் அவர்கள் அந்த வாசலை மிதித்தே இருக்க மாட்டார்கள். ஆகவே, வாசல் வரை பள்ளி தள்ளிவிடலாம். எந்த வாசல் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

முதியோர் இல்லத்தில் போய் என்ன பேசுவது?

நிறையப் பேர் வெளியே சொல்லாமல் பயப்படுவது இதற்குத்தான். பேச வேண்டியதே இல்லை, கேட்டால் போதும் என்று சொல்வது சுலபம். ஆனால் முதல் ஐந்து நிமிட மௌனம் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரும் சுமை. கையில் ஏதாவது ஒரு வேலையோடு போங்கள். செய்தித்தாளை உரக்க வாசித்துக் காட்டலாம், தாயக்கட்டம் ஆடலாம், கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கித் தரலாம். கைகள் எதிலாவது ஈடுபட்டிருந்தால் பேச்சு தானாக வரும். "சின்ன வயசுல என்ன வேலை பார்த்தீங்க?" என்ற ஒரு கேள்வி ஒரு மதியத்துக்குப் போதுமானது.

அவர்கள் சொன்ன கதையையே திரும்பச் சொன்னால் "போன வாரமே சொன்னீங்களே" என்று சொல்லாதீர்கள். மறதி நோய் உள்ளவர் உங்களை வேறு யாரோ என்று நினைத்துப் பேசினால் எதிர்த்து வாதிடவும் வேண்டாம், அந்த ஆளாக நடிக்கவும் வேண்டாம். அவர் நினைக்கிற அந்த நபரைப் பற்றியே கேளுங்கள். முக்கியமான இன்னொன்று: "அடுத்த வாரம் வருகிறேன்" என்பதை வாய்வார்த்தையாகச் சொல்லிவிடாதீர்கள். அங்கே அதை நம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர எங்களால் முடியுமா?

முடியும். ஆசிரியரைவிட நன்றாகவும் முடியும், ஏனென்றால் பின்னத்தில் எங்கே குழம்புவோம் என்பது உங்களுக்கு இன்னும் மறந்திருக்காது. ஒருவருக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. ஐந்து பேரை உட்காரவைத்தால் பாதி நேரம் சத்தத்தை அடக்குவதிலேயே போய்விடும். வாசிக்கத் திணறும் குழந்தையைத் தினமும் பத்து நிமிடம் உரக்க வாசிக்கவைத்து, பொறுமையாகப் பக்கத்தில் இருப்பதே பெரிய உதவி. விடையை நீங்கள் எழுதித் தந்துவிடக் கூடாது. இதைப் படிக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், அங்கே போனதும் பென்சிலை வாங்கிவிடுவார்கள்.

ஒருநாள் நிகழ்ச்சிகளால் பயன் உண்டா? கடற்கரையைச் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது போன்றவை?

அதன் பின்னால் ஒரு தொடர்ச்சி இருந்தால் உண்டு. சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-இல் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கியது. இப்போது செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை உலகெங்கும் நடக்கிறது. குப்பையை அள்ளுவது அதில் பாதிதான். அள்ளிய ஒவ்வொரு பொருளையும் வகைவாரியாக எண்ணி எழுதுகிறார்கள். எத்தனை பாட்டில் மூடி, எத்தனை சிகரெட் துண்டு என்ற கணக்கு சேரச் சேர, எந்தப் பொருளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதாட ஆதாரம் கிடைக்கிறது. கடற்கரை அடுத்த வாரமே மறுபடி அழுக்காகலாம், அந்தக் கணக்கு அழியாது. பறவை எண்ணிக்கையும் இப்படித்தான். வட அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் தொடங்கிய கணக்கெடுப்பு நூற்றாண்டைத் தாண்டியும் நடக்கிறது. அதில் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணும் காதும் உதவுகின்றன.

மரக்கன்று வேறு கதை. நடுவதற்கு நூறு பேர் வருவார்கள், படமும் எடுப்பார்கள். இரண்டு கோடைகள் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. பத்துக் கன்று நட்டுப் பத்தையும் பிழைக்கவைப்பது ஆயிரம் நட்டுக் காயவிடுவதைவிட மேல். யார் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்று பட்டியல் போட்ட பிறகுதான் எங்கள் குழு குழி தோண்ட ஆரம்பிக்கும்.

படம் எடுத்துப் பகிரலாமா?

குப்பை மூட்டையோடு நீங்கள் நிற்கும் படத்தைத் தாராளமாகப் பகிரலாம். உதவி பெறுகிறவரின் முகம் வரும் படத்தை, அவர் முழுமனதோடு சம்மதித்தால் ஒழிய எடுக்கவே கூடாது. குழந்தை என்றால் அதன் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். உங்கள் அம்மா உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்டால் எப்படி இருக்கும்? கேள்வியை இப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் உடனே புரிந்துவிடுகிறது. பெரியவர்களுக்குத்தான் கொஞ்ச நேரம் எடுக்கிறது.

அனுப்புவதற்கு முன் பெற்றோர் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

அங்கே பொறுப்பான பெரியவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன, பிள்ளை எந்த நேரத்திலாவது ஒரே ஒரு பெரியவரோடு மூடிய அறையில் தனியாக இருக்க நேருமா, காயம்பட்டால் என்ன செய்வார்கள், போக்குவரத்துக்கு யார் பொறுப்பு. இவற்றைக் கேட்டதும் முகம் சுளிக்கிற அமைப்பு என்றால் அனுப்பாதீர்கள். நல்ல அமைப்பு உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்கும். குழந்தைகளோடு பழக வருபவர்களைச் சரிபார்க்காமல் உள்ளே விடமாட்டார்கள், உங்கள் பிள்ளையையும் சேர்த்துத்தான்.

ஏணி, மின்சாதனம், வேகமாக வண்டிகள் போகும் சாலை, ஆழமான நீர், இரசாயனம், ஊசி ஆகியவை பள்ளிப் பிள்ளைகளின் வேலை அல்ல. வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் அந்த இடத்துக்கு ஓடுவதும் கூடாது. பயிற்சி இல்லாதவர் போனால் மீட்க வேண்டியவர்களின் எண்ணிக்கைதான் கூடும். அந்த நேரத்தில் பின்னணியில் பொருட்களைப் பிரித்துக் கட்டுவதற்கு நிறையக் கைகள் தேவைப்படும், அங்கே போகலாம்.

போய்வந்த பிள்ளை இரவில் அழுகிறாள். நிறுத்திவிடலாமா?

உடனே நிறுத்த வேண்டாம், உடனே திரும்ப அனுப்பவும் வேண்டாம். என்ன பார்த்தாள் என்று கேளுங்கள். பழகிய முதியவர் ஒருவர் இறந்துபோயிருக்கலாம். தன் வயதுப் பெண் ஒருத்தி படிக்க வழியில்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கலாம். "உனக்கு எவ்வளவு வசதி இருக்கிறது பார்" என்று பாடமாக மாற்றிவிடாதீர்கள். அடுத்தவர் கஷ்டம் நம் பிள்ளைக்கு நீதிபோதனை வகுப்பு அல்ல. குழுவில் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசும் வழக்கம் இருந்தால் இந்தப் பாரம் பாதியாகக் குறையும். அப்படிப் பேசாத குழுக்களில் பிள்ளைகள் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சில வாரங்கள் கழித்தும் தூக்கம் வராவிட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

சரி, வெளிநாட்டுக்கு எப்போது போகலாம்?

பெரும்பாலான திட்டங்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப 1961-இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படைக்கும், இளைஞர்களைத் தொண்டில் ஈடுபடுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒருமைப்பாட்டுப் படைக்கும், ஐக்கிய நாடுகள் அமைப்பின் இளையோர் தன்னார்வலர் பிரிவுக்கும் அதுதான் குறைந்தபட்ச வயது. பள்ளி மாணவர்களுக்கு மிஞ்சுவது பள்ளியே ஏற்பாடு செய்யும் பரிமாற்றப் பயணங்கள், பதின்வயதினருக்கான சில சேவை முகாம்கள், அப்புறம் பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும் தனியார் பயண நிறுவனங்கள்.

முகாம் என்ற முறைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. முதல் உலகப்போர் முடிந்த பிறகு, 1920-இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் என்ற பொறியாளர் சில நண்பர்களோடு பிரான்சின் வெர்தன் பகுதிக்குப் போனார். போரில் தரைமட்டமான ஒரு கிராமத்தைக் கட்டியெழுப்பும் வேலை. நேற்றுவரை எதிரியாக இருந்த ஜெர்மனியைச் சேர்ந்தவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் போரின் காயம் ஆறாத இடத்தில் ஜெர்மானியர்கள் இருப்பதற்கு எதிர்ப்பு வந்தது, சில மாதங்களில் முகாமை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சர்வதேசக் குடிமைச் சேவை என்ற அமைப்பு அதிலிருந்துதான் வளர்ந்தது. 1934-இல் பிகாரில் நிலநடுக்கம் வந்தபோது செரெசோல் அங்கேயும் வந்து வேலை செய்தார். வெர்தன் முகாமைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் எப்போதும் அந்த எதிர்ப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். நல்ல மனதோடு போனால் மட்டும் போதாது, போகிற இடத்தில் உள்ளவர்கள் நம்மை வரச் சொல்லியிருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

பணம் கட்டி அழைத்துப்போகும் இரண்டு வாரச் சேவைப் பயணங்கள் எப்படி?

நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். இரண்டு வாரத்தில் பயணக் களைப்பு போக மூன்று நாள், ஊர் சுற்றிப் பார்க்க மூன்று நாள். மீதி நாட்களில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை செங்கல் அடுக்குகிறது. அதுவரை செங்கல்லைத் தொட்டதே இல்லை. அந்த ஊரில் கொத்தனார் இல்லையா? இருக்கிறார், வேலையில்லாமல் இருக்கிறார். விமானக் கட்டணத்தை அவருக்குக் கூலியாகக் கொடுத்திருந்தால் சுவரும் நேராக நின்றிருக்கும்.

அதற்காக எல்லாப் பயணங்களும் மோசம் என்றில்லை. கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. இந்த வேலையைக் கேட்டது யார், அந்த ஊர்க்காரர்களா, பயண நிறுவனமா? கட்டுகிற பணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது, எழுத்தில் தருவார்களா? நாங்கள் போன பிறகு இந்த வேலையை யார் தொடர்வார்கள்? இதே வேலைக்கு உள்ளூர்க்காரரை ஏன் வைக்கவில்லை? இவற்றுக்கு நேரான பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். விளம்பரத்தில் கடற்கரைப் படமும் குழந்தைகள் படமும் மாறி மாறி வந்தால், அது சுற்றுலா. சுற்றுலா போவதில் குற்றமில்லை, சுற்றுலா என்றே சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு ஊரைப் பார்க்க, மொழி கற்க, ஒரு குடும்பத்தோடு தங்கிப் பழகப் போகிறோம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போகும் பரிமாற்றப் பயணங்களில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

வெளிநாட்டில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் சேவை செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. போகலாமா?

வேண்டாம். இதில் நான் யோசிப்பதே இல்லை.

இந்த இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் என்று நினைக்கிறோம். கம்போடியாவில் யுனிசெப் துணையோடு நடந்த ஆய்வில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. வறுமையால் அனுப்பப்பட்டவர்கள் உண்டு. வெளிநாட்டுத் தொண்டர்களும் அவர்கள் பணமும் வருவதற்காகவே குழந்தைகளைச் சேர்த்துவைத்த இல்லங்களும் உண்டு. அதாவது, நாம் போவதே சில இடங்களில் குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்கும் காரணமாகிவிடுகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைகள் பற்றிய தீர்மானத்தில் சுற்றுலாவோடு சேர்ந்த இத்தகைய இல்லச் சேவைகளால் வரும் கேடுகளைக் குறிப்பிட்டே சொன்னது.

பணத்தை விட்டுவிட்டாலும், இரண்டு வாரம் கட்டிப்பிடித்து விளையாடிவிட்டு அழுதுகொண்டே விமானம் ஏறுகிற அக்காக்களை ஒரு நான்கு வயதுக் குழந்தை வருடத்தில் எத்தனை பேரைப் பார்க்கும்? ஒவ்வொரு முறையும் கைவிடப்படுவதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும். உதவ ஆசை இருந்தால், குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்க வேலை செய்யும் அமைப்புகளுக்குப் பணம் திரட்டி அனுப்புங்கள்.

மருத்துவராக ஆசை. வெளிநாட்டு மருத்துவமனையில் அனுபவம் பெறலாமா?

உங்கள் நாட்டில் உங்களை ஊசி போட விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் எங்கேயும் போடக் கூடாது. வரவேற்பறையில் வழிகாட்டுவது, சக்கர நாற்காலி தள்ள உதவுவது, தூர நின்று பார்ப்பது வரை சரி.

எல்லாம் யோசித்த பிறகும் பயணம் உறுதி என்றால் என்ன தயார் செய்ய வேண்டும்?

கடவுச்சீட்டு பயண முடிவுக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. விசாவில் கவனம் தேவை. சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளமில்லாத வேலை செய்வதைக்கூடச் சில நாடுகள் சட்டமீறலாகக் கருதும். "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்கிற ஏற்பாட்டாளரை அந்த ஒரு வார்த்தைக்காகவே விட்டு விலகலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரி சான்றளித்த ஒப்புதல் கடிதத்தைக் கையோடு வைத்திருப்பது நல்லது. பெற்றோர் பிரிந்து வாழ்பவர்கள் என்றால் இது கடைசி நேரத்தில் பெரிய தலைவலியாகிவிடும், முதலிலேயே முடியுங்கள்.

தடுப்பூசிக்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். சில நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. போட்டுக்கொண்டு பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும். 2016-லிருந்து அந்தச் சான்று ஆயுளுக்கும் போதும். மருத்துவச் செலவோடு, அவசரமாகத் திரும்ப அழைத்துவருவதையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள். அந்த ஊர் மொழியில் பத்து வாக்கியமாவது கற்றுக்கொண்டு போங்கள். அதில் ஒன்று "மன்னிக்கவும், எனக்குத் தெரியவில்லை" என்பதாக இருக்கட்டும். அதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக்கு உதவ வழி இருக்கிறதா?

இருக்கிறது. என் கணக்கில் பயணத்தைவிடப் பல சமயம் இது மேல். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகருக்குச் சரியான தெரு வரைபடம் இல்லை. உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களையும் கட்டடங்களையும், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சில நாட்களில் வரைந்து தந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. 2014-இல் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து தொடங்கிய மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டம், பேரிடர் வருவதற்கு முன்பே இதைச் செய்துவைக்கிறது. ஒரு மதியம் பயிற்சி எடுத்தால் வீடுகளை அடையாளம் காண ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை வந்துவிடும்.

அறிவியலில் ஆர்வம் இருந்தால் 2007-இல் தொடங்கிய கேலக்ஸி ஸூ, அதிலிருந்து வளர்ந்த ஸூனிவர்ஸ் என்ற இரண்டு இணையத் திட்டங்களையும் பாருங்கள். விண்மீன் மண்டலப் படங்களை வகைபிரிக்கும் கேலக்ஸி ஸூவில், தொடங்கிய ஆண்டிலேயே ஹானி வான் ஆர்க்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை அப்போது யாரும் விளக்கம் சொல்ல முடியாத ஒரு பச்சை நிறப் பொருளைக் கவனித்தார். அது இன்று அவர் பெயரிலேயே அறியப்படுகிறது. தமிழ் நன்றாக வாசிப்பவர் என்றால் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களை மெய்ப்புப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றால்கூட ஆண்டு முடிவில் ஒரு தடித்த புத்தகம் தேறும். கணக்குத் தொடங்கும்போது சொந்தப் பெயர், பள்ளி, படம் எதுவும் தராதீர்கள். வயது வரம்பு இருந்தால் பெற்றோரின் அனுமதியோடு சேருங்கள்.

சான்றிதழ் கேட்பது தப்பா? கல்லூரி விண்ணப்பத்தில் எழுதலாமா?

கேளுங்கள், எழுதுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் "பல சமூகப் பணிகளில் ஈடுபட்டுள்ளேன்" என்று எழுதினால் படிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். "இரண்டு வருடம், சனிக்கிழமைகளில், நூலகத்தின் குழந்தைகள் பிரிவில், அங்கே புத்தகம் திரும்பி வராததற்குக் காரணம் தேடினோம், இதைச் செய்தோம், இதில் தோற்றோம்" என்று எழுதினால் நின்று படிப்பார். ஒவ்வொரு வாரமும் வீடு திரும்பியதும் தேதி போட்டு நான்கு வரி எழுதிவைக்கும் பழக்கம் இதற்கு உதவும். அடையாளம் தெரிகிற மாதிரி யாருடைய பெயரும் அதில் வேண்டாம். நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து நினைவுபடுத்தினால் வெறும் பெரிய வார்த்தைகள்தான் வரும்.

நடுவில் விட்டுவிட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது, முறையாக விட்டால். பிடிக்கவில்லை, நேரமில்லை, வேலை எதிர்பார்த்தபடி இல்லை, எல்லாமே நியாயமான காரணங்கள்தான். இரண்டு வாரம் முன்னதாகப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். குறுஞ்செய்தியில் வேண்டாம், நேரில். உங்கள் இடத்துக்கு இன்னொருவரை அழைத்துவர முடிந்தால் அவரை ஒருநாள் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். வாங்கிவைத்த சாவி, அடையாள அட்டை, பதிவேடு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் பாடம் சொல்லித் தந்த குழந்தை இருந்தால், கடைசி வகுப்புக்கு முந்தைய வகுப்பிலேயே "அடுத்த வாரம்தான் கடைசி" என்று அதனிடம் சொல்லிவிடுங்கள். அது கோபித்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரமும் பேசாமல் இருக்கலாம். பரவாயில்லை, அடுத்த வாரம் தவறாமல் போங்கள்.